மழை பெய்தால் பிக்னிக் போவோம்

நேற்று விளாத்திகுளத்தில் ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் கோவில்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். புரட்டாசி வெயில். சாப்பாடு வேறு கனம். சன்னலோரத்தில் தலையைச் சாய்த்து அரைத் தூக்கத்தில் இருந்தபோது மூக்குக்குள் ஏதோ ஏறியது. கண்ணைத் திறந்தால் ரோட்டோரக் கரிசல் காட்டில் டிராக்டர் உழுதுகொண்டு ஓடுகிறது. அதன் பின்னால் எழுந்த புழுதி காற்றுக்கு வளைந்து நேரே எங்கள் பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. எல்லோரும் அவசரமாகச் சன்னலை இறக்கினார்கள். "யக்கா, அதை அடைங்கக்கா, பிள்ளைக்கு இளைப்பு இருக்கு" என்றாள் பின்சீட்டில் இருந்தவள். ஒரே ஒரு மூச்சு ஆழமாக இழுத்துவிட்டு அடைத்தேன்.

முதல் மழையின் மண்வாசம் என்று ஊரே உருகும். எனக்கு அது பெரிதாகப் படுவதில்லை. மழைக்கு முந்தின இந்தக் காய்ந்த புழுதியின் வாசம்தான் உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை, கோபமாக இருந்தேன். என்ன கோபம் என்று பிறகு சொல்கிறேன். அந்தப் பஸ்ஸில் அது எங்கே இறங்கிப் போனதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பேனாவைத் தேடினேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது எண்பதுகளின் தொடக்கத்தில். மார்க்கெட் ரோட்டில் மெத்தைக் கடைக்கு மேலே இருந்த அந்த டுட்டோரியல் உனக்கு மறந்திருக்காது. கீழே இலவம்பஞ்சை அடிப்பார்கள். பஞ்சு படியேறி வந்து நம் தலைக்கு மேல் மிதக்கும். சாயங்கால வெயில் மேற்குச் சன்னல் வழியாக வரும்போது ஒவ்வொரு பஞ்சும் தனித்தனியாகத் தெரியும். நான் பாடத்தை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிளஸ் டூவில் இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டவள் நான். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. "கடையில உக்காந்தாலும் உக்காரு, டுட்டோரியலுக்குப் போனாலும் போ. வீட்டுல படுத்துக் கெடக்காத" என்று சொல்லிவிட்டார். கடையில் வத்தல் நெடி தாங்காது என்பதால் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

நீ என்னைப் போல இல்லை. நாகலாபுரத்தில் படித்து ஒழுங்காகப் பாஸாகி வந்தவள். வடக்கே ஏதோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டிரெயினிங் இருக்கிறது, இங்கிலீஷில் பரீட்சை வைத்துத்தான் எடுப்பார்கள் என்று உங்கள் சபையில் ஒரு அக்கா சொன்னாளாம். அந்த ஒரு பேச்சை நம்பி அத்தை வீட்டுக்கு வந்து தங்கிவிட்டாய். பகலெல்லாம் அத்தையோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாய். சாயங்காலம் வகுப்புக்கு வரும்போது விரல்களில் பசை காய்ந்திருக்கும். அதைத் தோல் உரிப்பது போல உரித்துக்கொண்டே பாடம் கேட்பாய். எனக்குப் பார்க்கவே கூசும். "ஏட்டி, அதக் கீழ போடாத, கையில வச்சுக்கோ" என்பேன். நீ அதைச் சின்னதாக உருட்டி என் நோட்டுக்குள் வைப்பாய்.

சார் கும்பகோணம் பக்கத்து ஆள். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, நம் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் எப்போதும் வயிற்றைத் தடவிக்கொண்டிருப்பார். அவர் வைத்திருந்த இலக்கணப் புத்தகத்தில் ஒரு தனி தேசமே இருந்தது. அங்கே ஜான் என்று ஒருவன், மேரி என்று ஒருத்தி. அவர்கள் குடை எடுத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள், ஆற்றங்கரையில் துணி விரித்து ரொட்டி தின்பார்கள். அவர்களுக்கு வேலை என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. நானும் நீயும் வீடு திரும்பும் வழியில் அந்தத் தேசத்துக்குள்தான் நடந்துகொண்டிருப்போம். "மேரிக்கு நாத்தனா உண்டாட்டி?" என்று ஒருநாள் கேட்டாய். நெடுநேரம் யோசித்து, இருக்க முடியாது என்று முடிவு செய்தோம்.

பிக்னிக் வாக்கியம் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழை பெய்வது ஒரு பாதி, நாம் பிக்னிக் போவது மறு பாதி. இரண்டையும் எந்தச் சொல் போட்டு இணைப்பது? ‘இஃப்’ போட்டால் மழை பெய்தால் போவோம். ‘அன்லெஸ்’ போட்டால் மழை பெய்யாமல் இருந்தால் போவோம். எழுதச் சொல்லிவிட்டு சார் நோட்டுகளை வாங்கிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது. மொத்த வகுப்பும் ‘இஃப்’ எழுதியிருந்தது. கழுகுமலையிலிருந்து வருகிறவனும் எழுதியிருந்தான், கடம்பூர்க்காரியும் எழுதியிருந்தாள், டவுன்காரி நானும் எழுதியிருந்தேன்.

"என்னங்க இது! ஒருத்தர் தப்பா எழுதலாம், கிளாஸே சேர்ந்து தப்பா எழுதுமா? மழையில நனைஞ்சுகிட்டே பிக்னிக் போவீங்களா?" என்றார் சார்.

நீதான் எழுந்தாய். "மழ பெய்யலன்னா பிக்னிக்குக்கு யாரு சார் துட்டு குடுப்பா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நீ கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாய் என்பது உன் பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். சார் சிரிக்கவில்லை. சன்னல் பக்கம் போய் நின்றார். கூரைகளுக்கு அப்பால் காய்ந்து கிடந்த கரிசல் காட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் ஊரில் வாய்க்கால் வீட்டு வாசலிலேயே ஓடுமாம். பிறகு திரும்பி, "உக்காரும்மா. நீ சொல்றது சரிதான். ஆனா பரீட்சையில அன்லெஸ்னு எழுதிடு. பேப்பர் திருத்துறவங்க இந்த ஊர்க்காரங்களா இருக்க மாட்டாங்க" என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு முதல் தடவையாகப் பிரியம் வந்தது.

நம் பக்கத்தில் எதைத்தான் மழையில் கட்டித் தொங்கவிடவில்லை? அப்பாவின் கடையில் நின்று நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். "மழ பெஞ்சா கூரைய மாத்தணும் அண்ணாச்சி." "மழ பெஞ்சா தையில மகளுக்கு முடிச்சிரலாம்." ஒரு கிழவர் வாயைத் திறந்து காட்டி, "மழ பெஞ்சா பல்லு கட்டணும்" என்றார். வானம் பொய்த்த வருடங்களில் அந்த ஊர்களெல்லாம் பாதி வாக்கியத்தில் நின்றுகொண்டிருக்கும். நீ இதைக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னாய்: "இங்கிலீஷ்காரன் இஃப்ப முன்னாடியே கொண்டாந்து நிறுத்திப்புடுதான். நம்மாளுக அத வார்த்தையோட வாலுல ஒட்டி வச்சிருக்காவ. பெஞ்சா, கெடச்சா, முடிஞ்சா. கேக்கவனுக்கு வாலு தெரியவே தெரியாது." எனக்கு அன்றிலிருந்து யார் பேசினாலும் வால் தெரிய ஆரம்பித்துவிட்டது.

உன் அப்பாவை நீ ஐயா என்றுதான் கூப்பிடுவாய். அந்த ஐயாவின் வால்தான் எல்லாவற்றிலும் நீளம். நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்று நீ முதலில் கேட்டபோது, "மழ பெஞ்சா பாப்போம் தாயி" என்றார். அந்த வருடம் பெய்யவில்லை. அடுத்த வருடமும் கேட்டாய், அதே பதில். அந்த வருடம் பெய்தது, பெய்ய வேண்டிய நேரத்தில் பெய்யாமல் பருத்தி வெடிக்கும் நேரத்தில் பெய்து எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டுப் போனது. ஐயா கெட்டவர் இல்லை. உன்னைக் கைநீட்டி அடித்ததில்லை, போகக்கூடாது என்றும் சொன்னதில்லை. அதுதான் உன் கஷ்டமே. "இல்லன்னு சொன்னா அழுதுட்டு எந்திரிச்சிருவேன்ட்டி. பாப்போம்னு சொன்னா என்ன செய்ய? எங்கன போய் அழ?" என்றாய். உனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் பள்ளியில் குறிப்பிட்ட வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். இந்த வருடம் தவறினால் அவ்வளவுதான் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

அந்தக் கவலையை மறக்கத்தான் நாம் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தோம் என்று இப்போது தோன்றுகிறது. சார் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஆளைப் பிடிப்பது. உன் அத்தை ‘அன்லெஸ்’. தீப்பெட்டிக் கட்டு ஒட்டி முடிக்காவிட்டால் சோறு கிடையாது. என் அப்பா ‘ப்ரொவைடட்’. எதைக் கேட்டாலும் தருவார், கூடவே ஒரு நிபந்தனையைப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டித் தருவார். என் அம்மா ‘இன் கேஸ்’. மழையே வராத ஊரில் எதற்கும் இருக்கட்டும் என்று வருடம் முழுக்கக் குடையோடு அலைகிறவள். உன் ஐயா ‘இஃப்’பு. அதில் பேச்சே இல்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, யார் கையிலாவது சில்லறை இருந்தால் ஒரு போளி வாங்கி ஆளுக்குப் பாதி தின்றுகொண்டே ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் பெயர் வைத்தோம். ‘ஈவன் இஃப்’ ஒன்றுக்குத்தான் ஆள் அகப்படவில்லை. என்ன ஆனாலும் சரி, செய்வேன் என்கிற ஆள். எவ்வளவு தேடியும் நம் தெருக்களில் அப்படி ஒருவரும் நடக்கவில்லை.

நீ பரீட்சை எழுதினாய். மதுரையில் வைத்து நேரிலும் பேசிப் பார்த்தார்கள். உன்னை எடுத்துக்கொண்டதாகக் கடிதம் வந்த அன்று படியில் ஓடிவந்து என் மேல் மோதினாய். என் தலைமுடியெல்லாம் பஞ்சு. சிரித்து முடித்து, வாசித்துப் பார்த்தால், ஐப்பசி பிறக்குமுன் போய்ச் சேர வேண்டும் என்று இருந்தது. மழை வருவதாக இருந்தால் ஐப்பசியில்தான் வரும். பருத்தி விளைந்து கையில் காசு புரள மாசி, பங்குனி ஆகிவிடும். உன் முகம் அப்படியே இறங்கியது. "ஏட்டி, நீ எங்கூட ஊருக்கு வா. வேத்தாளு முன்னாடின்னா ஐயா நின்னு கேப்பாவ" என்றாய். நான் போய் என்ன பேசப் போகிறேன்? ஆனாலும் சனிக்கிழமை காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டு உன்னோடு பஸ் ஏறிவிட்டேன்.

நாகலாபுரத்தில் உங்கள் வீட்டுக்குப் போனால் வீட்டில் யாரும் இல்லை. எல்லோரும் காட்டில் இருந்தார்கள். வாசலில் பருத்தி விதையைச் சாணிப்பாலில் புரட்டி உலர்த்திய ஈரத்தடம் மட்டும் இருந்தது. நடந்தோம். மரம் என்று சொல்ல அங்கங்கே ஒரு உடைமரம். மற்றபடி வானம் தொடங்கும் இடம் வரைக்கும் கறுப்பு. வெயிலில் தூரத்துக் காடு நீர் மாதிரி அலைந்தது. அதற்குள்ளிருந்து உன் ஐயாவும் இரண்டு மாடுகளும் மிதந்து வருவது போல வந்தார்கள். அவர்களைச் சுற்றி ஒரே புழுதி. அவருக்குப் பின்னால் உன் அம்மா ஓலைப்பெட்டியிலிருந்து விதையை எடுத்து உழவுச் சாலில் விட்டுக்கொண்டே வந்தாள். நீ செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அம்மாவிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாய். நான் வரப்பில் நின்றேன்.

எனக்கு அதைப் பார்க்க விசித்திரமாக இருந்தது. மண்ணில் பொட்டு ஈரம் இல்லை. வானத்தில் ஒரு மேகம் இல்லை. மாடு திரும்பும் இடத்தில் ஐயா நின்றபோது வாயைக் கட்டாமல் கேட்டுவிட்டேன்.

"ஐயா, மழையையே காணோமே. இப்ப எதுக்கு விதைக்கீங்க?"

"மழ பெஞ்ச பொறவு இந்தக் கரிசல்ல கால வைக்க முடியுமா தாயி? அப்படியே பிடிச்சு இழுத்துக்கிடும். மாடும் எறங்காது, மனுசனும் எறங்க முடியாது. அதான் வெத முன்னாடியே உள்ள போய்க் கெடக்கணும். மழ வாரப்போ வரட்டும்."

"மழை வரலைன்னா?"

"எறும்பு தூக்கிட்டுப் போவும்" என்றார். "அதுக்கும் பிள்ளகுட்டி இருக்குல்லா."

சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார். ஏர் நகர்ந்தது. பின்னால் நீ வரவில்லை. கையில் விதையோடு அங்கேயே நின்றிருந்தாய். நாம் பஸ்ஸில் வரும்போது பேசிவைத்துக்கொண்ட பேச்சு இது இல்லை. சத்தமாகவும் பேசவில்லை நீ. ஆனால் அந்த வெட்டவெளியில் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயா, வெதைக்கதுக்கு மட்டும் மழ பெஞ்சா பாப்போம்னு நீங்க ஒருநாளும் சொல்லலயே. எனக்கு மட்டும் ஏன் அப்படிச் சொல்லுதீங்க?"

உன் அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயா திரும்பவில்லை. அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வியர்வையும் புழுதியும் சேர்ந்து அதில் வரிவரியாக ஓடியிருந்தது. மாடுகளும் நின்றன. பிறகு, "சாலு சும்மா கெடக்கு, வெதயப் போடு" என்றார். நீ போட்டாய். காட்டின் அந்த எல்லைக்குப் போனீர்கள், திரும்பி வந்தீர்கள், மறுபடி போனீர்கள். நான் உடைமரத்து நிழலில் உட்கார்ந்து, உனக்காக எதையாவது பேச வேண்டும் என்று வந்தவள், எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உச்சிவெயிலில் ஏரை நிறுத்திவிட்டு மரத்தடிக்கு வந்தார். உன் அம்மா கம்பங்கூழைக் கரைத்து ஊற்றினாள். அவர் துண்டை உதறி, கையைக் கழுவி, கண்ணை மூடி ஜெபித்தார். சாப்பாட்டுக்கு இவ்வளவு நீளமான ஜெபமா என்று நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் முடித்துவிட்டு, கூழில் கைவைக்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அந்த ஊருக்கு எந்த பஸ்ஸு தாயி ஏறணும்?"

உன் அம்மாதான் முதலில் அழுதாள். பிறகு நான். எனக்கு ஏன் அழுகை வந்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை. நீ அழவில்லை. "மதுரைக்குப் போயி அங்கேர்ந்து ரயிலு ஐயா" என்று சொல்லிவிட்டு மடமடவென்று கூழைக் குடித்தாய், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாய். சாயங்காலம் கோவில்பட்டி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வந்தாய். உன் கையெல்லாம் சாணியும் மண்ணுமாக வாசம் அடித்தது. தூங்குகிறாய் என்று நினைத்தேன். எட்டயபுரம் தாண்டும்போது கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "ஏட்டி, ஈவன் இஃப்புக்கு ஆளு கெடச்சாச்சு." அப்போதுதான் நீ அழுகிறாய் என்பது தெரிந்தது.

ஆடுகளை விற்று உன்னை அனுப்பினார்கள். அந்த வருடம் மழை வரவில்லை. தூறல் போட்டு ஆசை காட்டிவிட்டுப் போய்விட்டது. கார்த்திகையில் உன் ஐயா எங்கள் கடைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். "மழை ஏமாத்திருச்சே ஐயா" என்றேன். "ஆமா தாயி, வெதச்சது பூராம் போச்சு" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "பிள்ள காயிதம் போட்டிருந்தா. ஊசி போடப் படிச்சிட்டாளாம். மொத ஊசிய ஒரு போலீசுக்காரனுக்குப் போட்டாளாம்" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கருப்பட்டி கொஞ்சம் வாங்கிக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனார்.

நானும் எப்படியோ இங்கிலீஷில் தேறி, பட்டம் வாங்கி, இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அதே இங்கிலீஷைச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டேன். சிரிக்காதே. பிக்னிக் வாக்கியம் அங்கும் என்னை விடவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளும் ‘இஃப்’ என்றே எழுதினார்கள். நான் மார்க் போட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு விசாரித்தார்கள். "இந்த ஊருல இது சரிதான் டீச்சர்" என்றேன். உன்னிடம் போனில் சொன்னபோது ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாய்.

உன் வார்டுக்கு நான் ஒரு தடவைதான் வந்திருக்கிறேன். ஒரு பெரியவர் ரொம்ப முடியாமல் கிடந்தார். அவர் மகள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், பொழைச்சா..." என்று ஆரம்பித்தாள். நீ அவளை முடிக்க விடவில்லை. நேரே கட்டிலுக்குப் போய், "தாத்தா, நாளைக்குக் காலையில நான்தான் உங்களுக்குத் தலை சீவி விடப்போறேன், என்ன?" என்றாய். அவர் கண் அசைந்தது. வெளியே வந்ததும் நான் கேட்டேன், இப்படிச் சொல்லலாமா, நாளைக்கு அவர் இல்லாமல் போனால்? "போனா போவாரு. இன்னைக்கு ராத்திரி பூரா அவருக்கு நாளைக்கின்னு ஒண்ணு இருக்கும்லா" என்றாய். நீ நர்ஸ், உனக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். போன வருடம் ஆவணியில் நீ போன் பேசினாய். குரல் மெலிந்திருந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்றேன். "அது கெடக்கு. ஐப்பசில வாரேன். ஒரு வாரம் இருப்பேன். கொசுவலை கட்டி வையி, போளி வாங்கி வையி" என்று அதிகாரம் செய்தாய். நான் வேலையில் இறங்கினேன். உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். உனக்கு முழங்கால் மடங்காது என்று கொத்தனாரைக் கூப்பிட்டு கக்கூஸை மாற்றினேன். வீடெல்லாம் சிமிண்டு, மகளிடம் திட்டு. போளிக்கடையில் சொல்லியும் வைத்துவிட்டேன். புரட்டாசி முடியுமுன் உன் மகன் போன் செய்தான்.

உன் அடக்கத்துக்கு நான் வந்திருந்தபோது அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "அம்மாவுக்கு எல்லாம் தெரியும் பெரியம்மா. ஆவணியிலேயே டாக்டர் சொல்லிட்டாரு." எனக்குச் சுருக்கென்று குத்தியது. எல்லாம் தெரிந்துமா என்னிடம் வாரேன் என்றாய்? முடிந்தால் வாரேன், உடம்பு கேட்டால் வாரேன் என்று ஒரு சின்ன வால் ஒட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஒருத்தியைக் கக்கூஸ் கட்ட வைத்து ஏமாற்றிவிட்டுப் போகலாமா? உன் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போதுகூட நான் மண் அள்ளிப் போடவில்லை. யாருக்கும் தெரியாமல் கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன்.

நேற்று அந்தப் புழுதி முகத்தில் அடித்தபோது உன் ஐயாவின் முதுகு வந்து நின்றது. அந்த வருடம் அவர் விதைத்ததில் ஒன்றும் முளைக்கவில்லை. அதற்காக அவர் பொய்யாக விதைத்தார் என்று ஊரில் ஒருவராவது சொன்னார்களா? அவர் விதைத்தது மெய். நீ வருகிறேன் என்றதும் அப்படித்தான். அந்த ஒன்றரை மாதம் எனக்கு ஒரு ஐப்பசி இருந்தது. சுண்ணாம்பு வாசத்தில், சிமிண்டு தூசியில், நீ வந்தால் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாய் என்று கட்டிலை மாற்றி மாற்றிப் போட்டதில், நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? உனக்கும் அங்கே உன் நோய்க் கட்டிலில் அந்த ஐப்பசி இருந்திருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பின்சீட்டுக்காரி கண்ணில் புழுதி விழுந்துவிட்டது என்று நினைத்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

எனக்கும் வயதாகிறது. யாராவது விசேஷத்துக்கு அழைத்தால், முழங்கால் என்ன சொல்லும் என்று கேட்காமல் வாரேன் என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். சிலவற்றுக்குப் போக முடிகிறது, சிலவற்றுக்கு முடிவதில்லை. உன்னிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அதுதான்.

இந்தக் கடிதத்தை எடுத்தவுடன் இப்படித் தொடங்கவில்லை. "அங்கே இருந்து உனக்குக் கேட்குமானால்" என்றுதான் முதல் வரி எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். கேட்குமானால் என்ன, கேட்குமானால்? நீ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாய்.